ஈரத்தில் ஒட்டும் டேப்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. இந்தக் குன்றின்மேல் நிற்பவர் ஸ்ரீனிவாசப் பெருமாள். தென் திருப்பதி என்று சொல்லிப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம் வட்டாரமே படியேறும். பசையைப் பற்றிய கட்டுரைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஈரத்தில் தாக்குப்பிடிக்கும் பசை வேண்டும் என்ற தேவையை நம் ஊரில் மிகப் பழைய காலத்திலேயே உணர்ந்த இடம் கோயில்தான்.

கல்லால் ஆன திருமேனியைப் பீடத்தின்மேல் நிறுத்தினால் இரண்டுக்கும் நடுவே இடுக்கு விழும். சைவக் கோயிலில் அபிஷேகம், வைணவக் கோயிலில் திருமஞ்சனம். பெயர் எதுவானாலும் தண்ணீர், பால், தயிர், எண்ணெய் எல்லாம் அந்த இடுக்கைத் தேடித்தான் ஓடும். அங்கே அடைப்பதற்கென்று ஒரு மருந்து உண்டு: அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், எருமை வெண்ணெய் என்ற எட்டுச் சரக்கு. இடித்து இடித்துச் சூடு ஏற்றி, கைக்கு இளகிய பதத்தில் உருட்டி, திருமேனியின் அடியைச் சுற்றி அழுத்திவிடுவார்கள். ஆறினால் இறுகும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பழையதைச் சுரண்டிப் புதிதாகச் சாத்துவது வழக்கம்.

இந்தச் சரக்குகளை இன்றைய வேதியியல் கண்ணால் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை தெரிகிறது. கொம்பரக்கு ஒரு பூச்சி சுரப்பது, குங்கிலியம் மரத்துப் பிசின், மெழுகு தேனீ தருவது. மூன்றும் தண்ணீரில் கரையாதவை, தண்ணீரைக் கிட்டவே சேர்க்காதவை. வெண்ணெய் இளக்கம் கொடுக்கிறது. சுக்கானும் காவியும் கெட்டி சேர்க்கும் தூள்கள். பஞ்சு உள்ளே இழையாக ஓடி, வெடிப்பு பரவாமல் பிடித்துக்கொள்கிறது. பிசின், இளக்கி, நிரப்பி, இழை: இன்று பைபர் கிளாஸ் படகு செய்கிறவர் கலக்குவதும் ஏறக்குறைய இதே நான்கைத்தான்.

ஆனால் அஷ்டபந்தனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாத்தும்போது கல் உலர்ந்திருக்க வேண்டும். நனைவதெல்லாம் இறுகியபிறகுதான். ஏற்கெனவே நனைந்திருக்கும் இடத்தில், தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்போது ஒட்டு என்றால் அது வேறு கேள்வி. ஐப்பசி மழையில் மொட்டைமாடிக் குழாய் ஒழுகும்போது ஹார்டுவேர் கடையில் நாம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

சாதாரண செல்லோ டேப்பைப் பார்ப்போம். அதன் முதுகில் இருப்பது உலர்ந்து இறுகும் பசை கிடையாது. எப்போதும் பாதி திரவமாகவே இருக்கும் ஒரு பாலிமர். விரலால் அழுத்தினால் அது மெதுவாக வழிந்து, எதிரே உள்ள பரப்பின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு பிடித்துவைப்பது வான்டர்வால்ஸ் விசை என்னும் மிகச் சின்ன ஈர்ப்பு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இடையே அது அற்பம். கோடிக்கணக்கில் சேரும்போது பலம். ஒரு குறை என்னவென்றால் அதன் எட்டும் தூரம் ஒரு நானோமீட்டர் அளவுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு.

இப்போது நடுவே தண்ணீர் வருகிறது. துடைத்த பிறகும் குழாயில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்கு ஈரப்படலம் மிஞ்சியிருந்தால், அது அந்த எட்டும் தூரத்தைப்போல் ஆயிரம் மடங்கு. பசையின் கை அந்தக் கரையைத் தொடவே தொடாது. அதோடு கண்ணாடி, சிமென்ட், துருப்பிடித்த இரும்பு ஆகியவற்றின் மேற்பரப்பில் தண்ணீரோடு கைகோக்கத் துடிக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள் நிறைந்து கிடக்கின்றன. பசையா தண்ணீரா என்று வந்தால் சிமென்ட் தேர்ந்தெடுப்பது தண்ணீரை. எவ்வளவு நல்ல பசை போட்டாலும், எவ்வளவு அழுத்தினாலும், உரிய இடத்தில் முன்பே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆக, பசையின் பலத்தைக் கூட்டுவதால் இந்தச் சிக்கல் தீராது. உட்கார்ந்திருப்பவரை என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு முதலில் பதில் வேண்டும்.

நம் பிளம்பர்களுக்கு ஒரு பதில் தெரியும்: அந்தப் பக்கமே போகாதே. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்து, ஒழுகும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டுவார்கள். அங்கே ஒட்டுதல் என்ற பேச்சே கிடையாது. ரப்பரின் இறுக்கம் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது, அவ்வளவுதான். கடையில் விலை அதிகமாக விற்கும் சிலிக்கோன் சுற்று டேப்பும் இதன் நாகரிகமான தம்பி. அது குழாயில் ஒட்டாது. தன்மேல்தான் ஒட்டும். இழுத்துச் சுற்றும்போது ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு இணைந்து ஒரே ரப்பர் உறையாகிவிடும். 'ஈரத்திலும் ஒட்டும்' என்று அட்டையில் போட்டிருப்பதைப் பொய் என்று சொல்ல முடியாது, முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

எம்-சீல் வேறு வழியில் போகிறது. இரண்டு நிறத்தில் வரும் அந்தக் களிமண்ணைச் சேர்த்துப் பிசையும்போது எப்பாக்ஸி பிசினும் அதை இறுக்கும் பொருளும் கலந்து வினை தொடங்குகிறது. கெட்டியாவதற்கு அது காற்றில் உலர வேண்டியதில்லை. பிசைந்த உருண்டையை அழுத்தித் தேய்க்கும்போது ஓரளவு ஈரம் பிதுங்கி வெளியேறவும் செய்யும். ஆனாலும் அனுபவமுள்ளவர் முதலில் வால்வை மூடி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் வைப்பார். உள்ளிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால் எந்த உருண்டையும் இறுகும் வரை நிற்காது.

உடனடிப் பசையின் கதை இன்னும் வேடிக்கையானது. பெவிக்விக் வகைப் பசைகளில் இருப்பது சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர், தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று இதைத் தொல்லையாக எண்ணி ஒதுக்கிவிட்டார். அதன் அருமை தெரிந்து விற்பனைக்கு வந்தது 1958-ல். இந்தத் திரவத்தை இறுகச் செய்வதே ஈரப்பசைதான். காற்றிலும் தோலிலும் உள்ள அணுவளவு ஈரம் போதும், மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அதனால்தான் பொருளை ஒட்டுவதற்குமுன் விரலை ஒட்டிவிடுகிறது. ஈரம் அதிகமானால் பதம் கெடும்; வெள்ளையாகப் பூத்து நொறுங்கும்.

குழாயை விடக் கடினமான இடம் உடம்பு. காயம் என்றாலே ஈரம். ரத்தம், நிணம், சீழ். இந்த இடத்தில்தான் ராஜபாளையம் கதைக்குள் வருகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் வந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் விசைத்தறிகள் ஓயாமல் நெய்வது பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான். சேலை நெய்யும் ஊர் உண்டு, போர்வை நெய்யும் ஊர் உண்டு. காயத்துக்கென்றே துணி நெய்யும் ஊர் இது. மருத்துவமனையில் நம் கையில் சுற்றிய கட்டு இந்தப் பக்கத்துத் தறியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செடியிலிருந்து பறித்த பஞ்சு தண்ணீரில் மிதக்கும் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறாது. காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தோடு வேகவைத்து அந்த மெழுகைக் கழற்றி, வெளுத்து, அலசிக் காயவைத்தால் அதே பஞ்சு ஆளே மாறிவிடும். மருத்துவப் பஞ்சுக்கான சோதனையும் எளிது. கம்பிக் கூடையில் 5 கிராம் பஞ்சை வைத்துத் தண்ணீரில் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும். தன் எடையைப்போல் 23 மடங்குக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்துவைக்கவும் வேண்டும். மூழ்காமல் மிதந்தால் மெழுகு இன்னும் போகவில்லை என்று பொருள்.

இவ்வளவு தாகமுள்ள பஞ்சு காயத்தை உலர்த்தும், ஆனால் ஒட்டாது. ஒட்டும் வேலைக்குப் பிளாஸ்திரி தனியாக வேண்டியிருக்கிறது. 1920-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊழியர் எர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் மனைவிக்காகப் பிளாஸ்திரியின் நடுவில் துண்டுத் துணியை வைத்து உருவாக்கிய பேண்ட்-எய்டும் அப்படித்தான்: உறிஞ்சுவது நடுவில், ஒட்டுவது ஓரத்தில், அதுவும் காய்ந்த தோலில். நூறாண்டாக மருத்துவம் இந்தப் பங்குபிரிப்பைத்தான் நம்பியிருந்தது. நுரையீரலிலோ குடலிலோ காய்ந்த ஓரம் என்று ஒன்று கிடையாது. அங்கே ஊசியும் நூலும்தான் வழி. ஊசி போகும் ஒவ்வொரு இடமும் ஒரு புது ஓட்டை.

கடல் உயிர்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் 1980-களில் இயங்கத் தொடங்கியபோது, அதைக் குளிர்விக்கும் கடல்நீர் கடலடிப் பாறைக்குள் குடைந்த 468 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாக வந்தது. கொஞ்ச காலத்திலேயே சுரங்கச் சுவரெங்கும் பச்சை ஆளிகள் குடியேறின. இரண்டு ஓட்டுச் சிப்பி. கேரளத்தில் கல்லும்மக்காய் என்று வறுத்துத் தின்பார்கள். சுவரில் படிந்தவை அடுக்கடுக்காக வளர்ந்து நீர்வரத்தைக் குறைத்தன. பிய்ந்து போனவை குழாய்களில் போய் அடைத்தன. குளோரின் கலந்தும் சுரண்டியும் அவற்றோடு மல்லுக்கட்டுவது அங்குள்ள விஞ்ஞானிகளுக்கு ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சியாகவே ஆகிவிட்டது. உப்புத்தண்ணீர், ஓயாத ஓட்டம், வழுக்கும் பாசி: மனிதன் செய்த எந்த டேப்பும் தோற்கும் இடத்தில் அந்தச் சிப்பி நிம்மதியாகத் தொங்குகிறது.

ஆளிக்கு நாக்குப்போல் ஒரு பாதம் உண்டு. அதைப் பாறையில் அழுத்தி, நடுவில் ஒரு சிறு குழிவை உண்டாக்கி, அதற்குள் புரதத்தைச் சுரக்கிறது. சில நிமிடத்தில் அது இறுகி ஒரு நூலாகவும், நூலின் நுனியில் ஒரு ஒட்டுத் தட்டாகவும் மாறும். இப்படிப் பல நூல். 1981-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் வெய்ட் இந்தப் புரதத்தில் டோபா என்னும் அமினோ அமிலம் நிறைந்திருப்பதைக் கண்டறிந்தார். பாறையைத் தொடும் முனையில் உள்ள ஒரு புரதத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு டோபாவே. நம் சித்த மருத்துவர்களுக்குத் தெரிந்த பூனைக்காலி விதையில் இருப்பதும், நடுக்குவாத நோய்க்கு மாத்திரையாகக் கொடுப்பதும் இதே டோபாதான்.

டோபாவின் முனையில் கேட்டகால் என்ற வளையம் இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகள். அவை பாறையின் பரப்பைத் தண்ணீரை விட இறுக்கமாகப் பற்றும். கேட்டகாலின் பிடியைப் பார்க்கக் கல்பாக்கம் போக வேண்டாம். வாழைக்காய், வாழைப்பூ நறுக்கியவர் கையைப் பாருங்கள். வாழையில் டோபாவின் நெருங்கிய உறவான டோபமைன் ஏராளம். வெட்டியதும் காற்றுப் பட்டு, நொதி ஒன்றின் துணையோடு கறுத்துப்போய், கையிலும் வேட்டியிலும் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது, சோப்புக்கும் அசையாது. வாழைக்கறை பட்ட வேட்டியைத் தூக்கித்தான் போட வேண்டும் என்று வீட்டில் திட்டுவார்களே, அது வேதியியலில் பெரிய விஷயம். 2007-ல் அமெரிக்காவின் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித், ஹேஷின் லீ குழு டோபமைன் கரைசலில் எந்தப் பொருளை முக்கினாலும் அதன்மேல் ஒரு படலம் பிடிக்கிறது என்று காட்டியது. கண்ணாடி, உலோகம், ஏன், எதுவுமே ஒட்டாது என்று பெயரெடுத்த டெஃப்லானும் தப்பவில்லை.

என்றாலும் கேட்டகால் மட்டும் போதாது. கடலில் பாறையின் மேல் தண்ணீரோடு உப்பின் அயனிகளும் அப்பிக் கிடக்கும். டோபாவுக்குப் பக்கத்திலேயே ஆளி லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை வைத்திருக்கிறது. அதற்கு நேர்மின்னூட்டம். 2015-ல் வெய்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, லைசின் முதலில் போய் அந்த அயனிகளைத் தள்ளி இடத்தைக் காலி செய்கிறது; பிறகே டோபா உட்காருகிறது. பேருந்தில் இடம் பிடிக்க முதலில் ஒருவன் ஓடுவதும் பின்னால் குடும்பம் வருவதும் போல.

இன்னொரு பாடம் வீட்டுச் சுவரில் ஓடுகிறது. பல்லியின் விரல் நுனியில் உள்ள லட்சக்கணக்கான நுண்மயிர்கள் வான்டர்வால்ஸ் விசையால் ஒட்டுகின்றன. ஈரச் சுவரில் அதற்கும் கால் வழுக்கும். மெஸ்ஸர்ஸ்மித் குழு 2007-லேயே பல்லிக் கால்போல் நுண்தூண்கள் கொண்ட பரப்பைச் செய்து அதன்மேல் ஆளிப் பசையைப் போன்ற பாலிமரைப் பூசியது. தண்ணீருக்குள் பிடிமானம் ஏறக்குறைய 15 மடங்கு கூடியது. ஆயிரம் தடவைக்கு மேல் ஒட்டி எடுத்தாலும் தளரவில்லை.

ஆனால் என்னை மிகவும் ஈர்த்தது சிலந்தி. மழைக்காலத்தில் காற்றெல்லாம் ஈரம், பூச்சியின் உடம்பெல்லாம் ஈரம், வலை எப்படி ஒட்டுகிறது? வலையின் வட்ட இழைகளில் பசைத்துளிகள் மணிமணியாகக் கோத்திருக்கும். அத்துளிகளில் புரதத்தோடு ஈரத்தை இழுக்கும் உப்புகளும் உண்டு. பூச்சி மோதியதும் நடுவிலுள்ள தண்ணீரை அந்த உப்புகள் துளிக்குள் இழுத்துக்கொள்கின்றன என்பதை அக்ரோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். பரப்பு காய்கிறது, பசை ஒட்டுகிறது. பஞ்சும் பிளாஸ்திரியும் ஒரே துளிக்குள்.

அடுத்த ஆண்டே, 2019-ல், எம்.ஐ.டி.யின் ஹியூன்வூ யுக், சுவான்ஹே ஜாவ் குழு சிலந்தியை முன்மாதிரியாகச் சொல்லி ஈரமான உறுப்புகளில் ஒட்டும் இரட்டைப்பக்க டேப் ஒன்றை வெளியிட்டது. அதன் முக்கியச் சரக்கு பாலிஅக்ரிலிக் அமிலம். குழந்தைகளின் டயப்பருக்குள் தண்ணீரை விழுங்கும் பொருளின் குடும்பம். டேப் காய்ந்த நிலையில்தான் இருக்கும். நுரையீரல்மேல் வைத்து அழுத்தினால் அங்குள்ள ஈரத்தை அது நொடியில் குடித்துவிடும். குடித்த கணமே திசுவோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகும். அதோடு விடாமல், டேப்பில் கோத்திருக்கும் இன்னொரு வேதிக்கொக்கி திசுப் புரதங்களின் அமீன் முனைகளோடு நிரந்தரமான பிணைப்பைப் போட்டுக்கொள்ளும். எல்லாம் 5 நொடிக்குள். டேப் காலப்போக்கில் உடம்புக்குள் கரைந்துபோவதற்காக ஜெலட்டினையோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையோ அதில் கலக்கிறார்கள். எலி, பன்றி ஆகியவற்றின் உறுப்புகளில் சோதித்திருக்கிறார்கள்.

ரத்தம் பீறிடும்போது அதையெல்லாம் குடித்துத் தீர்க்க முடியாது. அதற்கு அதே குழு கப்பலடியில் ஒட்டும் கொட்டலசிடம் போனது. கொட்டலசு முதலில் எண்ணெய்ப் பசையான ஒன்றைச் சுரந்து தண்ணீரை விலக்கி, அதன்பின் புரதத்தை வைக்கிறது. 2021-ல் அவர்கள் செய்த பசைக்குழம்பும் எண்ணெயால் ரத்தத்தைத் தள்ளி, உள்ளே கலந்த ஒட்டும் துகள்களால் திசுவைப் பிடிக்கிறது. ரத்தம் 15 நொடி அளவில் நிற்கிறது. தண்ணீரை விலக்கும் பிசினும் மெழுகும் வெண்ணெயும் முன்னால் நிற்பது அஷ்டபந்தனத்திலும் உண்டு என்பது என் கண்ணுக்குப் பட்ட ஒற்றுமை. அவர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

இந்த டேப்பை வாங்கி மொட்டைமாடிக் குழாயில் ஒட்டலாமா? வீண். பிவிசி குழாயில் அது கொக்கி மாட்டுவதற்கு அமீன் முனை எதுவும் இல்லை. உறுப்பின் மேலுள்ள மெல்லிய ஈரத்தை அது குடித்து முடிக்க முடியும். தண்ணீர்த் தொட்டியைக் குடித்து முடிக்க முடியாது. குடித்துக்கொண்டே இருந்தால் ஊதி, கூழாகி, தன் பலத்தைத் தானே இழக்கும். உயிருள்ள ஈரத்துக்கு ஒரு பசை, ஓடும் ஈரத்துக்கு இன்னொன்று. பிளம்பரின் சைக்கிள் டியூப் இன்னும் கொஞ்ச காலம் வேலையில் இருக்கும்.

மருத்துவர்களின் கவலை இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 5 நொடியில் ஒட்டுவதைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் எப்படி எடுப்பது? சாதாரணப் பிளாஸ்திரியே பிரிக்கும்போது முடியைப் பிடுங்கிக்கொண்டு வரும். இது திசுவையே பிடுங்கிவிடும். 2020-ல் அதே குழு, வேண்டியபோது கழற்றக்கூடிய டேப் ஒன்றைக் காட்டியது. ஒட்டும் கொக்கிகளின் நடுவே கந்தகப் பிணைப்பு ஒன்றைச் செருகியிருந்தார்கள். மேலே ஒரு திரவத்தை ஊற்றினால் அந்தப் பிணைப்பு அறுந்து, 5 நிமிடத்தில் டேப் வலியில்லாமல் உரிந்து வருகிறது. திரவத்தில் இருப்பவை இரண்டு: நம் உடம்பின் உயிரணுக்களிலேயே இருக்கும் குளுட்டாதயோன், இன்னொன்று சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா.